காலவெல்லையும் கருமப் பயனும்

நாடோறும் செய்யுந் தொழில்கள் நாளடைவிற் சுவையற்றுப் போதல் யாவரும் அறிந்ததொன்று. திருவலகிடுதலும், மலர் கொய்தலும், சந்தனம் அரைத்தலும், பாடஞ் சொல்லுதலும் முதனாளிற் பெருமகிழ்ச்சி தருகின்றன. ஆயிரமாவது நாளிற் கை செய்ய, மனம் வேறிடத்துத் திரிகின்றது. இந்நிலையில், தொழில் ஒவ்வொன்றற்கும் இத்துணைப் பொழுதென ஓரெல்லை வகுத்துக்கொள்ளின் அத்தொழில் மீண்டும் பொருளுடையதாய்த் தோன்றும் என்பர் உலகியலறிந்தோர். அஃது உண்மையா? உண்மையாயின், அப்பொருளைத் தந்தது எல்லையா, பிறிதொன்றா? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் எம் அனுபவம் ஒன்று கூறுதும். இளமையிற் சாத்திர நூலொன்றற்கு அரும்பதவுரை எழுதப் புகுந்தேம். பிழையற நிரம்பிய பின் முடிப்பாம், விரைவு எற்றுக்கு என்று கருதி எல்லை குறியாது விடுத்தேம். ஆண்டுகள் 22 கழிந்தன. எம்மோடு ஒருசாலை மாணாக்கராய் அந்நூலைப் பாடங் கேட்டவரும், காணுந்தோறும் 'உரை எம்மட்டில் இருக்கிறது?' என்று வினவியவருமாகிய நண்பரொருவர் இதற்கிடையிற் சிவபதம் எய்தினார். அவர்க்குக் காட்ட எம்பால் இருந்தன, கட்டுக்கட்டாய்க் கிடந்த குறிப்புத் தாள்களே. அதன் பின்னரே, காலை வழிபாடு முடிந்ததும் இரண்டு நாழிகை, அஃதாவது 48 நிமிடம், ஒரு செய்யுளுக்கு என வரையறுத்தேம். முன்பு முழுப்பகலுந் தாராத பயனை அவ்விரண்டு நாழிகை தந்தது. அதனினும் வியப்பு, நெடுநாட் கசந்த அவ்வேலை மீண்டும் இனித்தமையே.

இதற்குக் காரணம் என்னை எனின், காலதத்துவத்தின் இயல்பே என்க. தத்துவம் 36-னுள், வித்தியா தத்துவம் ஏழில் ஒன்றாகிய காலம் அசுத்தமாயையின்கண் தோன்றி, இறப்பு நிகழ்வு எதிர்வென மூன்றாய் நின்று உயிரின் நுகர்ச்சியை வரையறுப்பது. இறந்தகாலம் எல்லையையும், நிகழ்காலம் பயனையும், எதிர்காலம் புதுமையையும் செய்யுமென்பது உண்மை விளக்கத்தாற் பெறப்படும். இம்மூன்றும் ஒரு தத்துவத்தின் தொழிலாய் ஒருங்கு வைத்து எண்ணப்பட்டமை நோக்கத்தக்கது. முடிவென்பது இல்லாத தொழிலில் பயன் இன்றைக்கு வருவதில்லை. நாளையும் புதிதாய்ப் பிறப்பதில்லை. எமது 22 ஆண்டும் ஒரே நீண்ட பகலாய்க் கழிந்தது இதனாலன்றோ?

திருக்கோயில் வழிபாட்டு முறையும் இதனையே வற்புறுத்தும். உஷக்காலம் முதல் அர்த்தசாமம் ஈறாகப் பூசை ஆறு காலங்களாய் வகுக்கப்பட்டது. சிவராத்திரி இரவு, சாமம் ஒன்றற்கு 7½ நாழிகையாக நான்கு சாமமாய்ப் பகுக்கப்பட்டது. காலங்கடந்த முதல்வனுக்கு இவ்வகுப்பு வேண்டா. வழிபடும் நமக்கே வேண்டும். உச்சிக்காலத்து மணி ஒலிக்குமுன் மாலை நிரம்பவேண்டுமென்று அறிந்து தொடுப்பவன் ஒவ்வொரு பூவையும் காண்கின்றான். அவ்வறிவிலாதவன் நாரையும் பூவையும் ஒருங்கே மறந்து தொடுக்கின்றான்.

அற்றேல், காலம் மாயாகாரியமாய்ப் பந்தத்தின்பாற்பட்டது; அதனை வலிந்து மேலும் தலைமேற் கொள்ளுதல் நலமாவது எங்ஙனம்? அன்றியும், எல்லை வகுத்தோர் பதறித் தொழிலைக் கெடுத்தலும், கணக்கு நிறைந்ததென்று செருக்குதலும் கண்கூடன்றோ எனின், கூறுதும். ஆடை வெளுப்பவன் அழுக்கேறிய துணியின்மேற் சாணமும் உவர்மண்ணும் பூசுகின்றான். அவையும் அழுக்கே, ஆயினும் முன்னை அழுக்கைப் பற்றியெடுத்து, அலசுங்கால் அதனோடு தாமும் நீங்கும். ஆணவத்தை நீக்குதற்கு மாயை கன்மங்கள் இறைவனாற் கூட்டப்படுமாற்றிற்கு நம் ஆசிரியர்கள் கூறும் உவமை இது. மடியையும் மறதியையும் போக்குதற்குக் கொள்ளும் காலவெல்லையும் அத்தகைய உவர்மண்ணே. பதற்றமுஞ் செருக்கும் அதனை அலசாது விட்டமையால் வருங் குற்றங்கள். மண்ணைப் பூசுதல் மட்டும் கற்று அலசுதல் கல்லாதான் ஆடையை வெளுத்தவன் ஆகான்.

அலசுமாறு யாங்ஙனம்? இதற்குக் காஞ்சிமாநகர்த் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் வரலாறு விடை பகரும். குளிர்காலத்தில், கந்தை உடுத்த மெலிந்த அடியவராய் இறைவன் வருகின்றான். கந்தையைத் தருகின்றவன், பொழுது சாயுமுன் திரும்பத் தருதல் வேண்டும், இல்லையேற் குளிரால் உடல் வருந்தும் என்கின்றான். நாயனாரும் உடன்பட்டுத் தொடங்குகின்றார். விடாமழை பெய்கின்றது, பொழுதும் போகின்றது, துணி உலரவில்லை. தவணை தவறியது.

ஆடை வெளுத்தல் நாயனார்க்கு அன்றாடத் தொழில். அன்று அக்கந்தை ஒன்று ஏனை ஆடைகளின் வேறாயது, எல்லை குறிக்கப்பட்டமையால். ஆயின் அவ்வெல்லை நாழிகைக் கணக்கன்று. ஒரு மெலிந்தவுடல் நடுங்கும் நடுக்கமே அவர்க்கு எல்லையாயிற்று. பொழுது போயினமை கண்டு அவர் தம் சொல் பழுதாயிற்றேயென்று தம் பெருமைக்கு இரங்கவில்லை. அடியவர் திருமேனி குளிருமேயென்று பதைத்தார். அப்பதைப்பினால் துணி தப்புங் கல்லில் தலையை மோதப் புக்கவழி, ஏகம்பர் திருக்கரம் எழுந்து பற்றியது. முடியாத வேலைக்கு அருள் கிடைத்தது! எல்லை தவறியதற்காக உயிரை ஒறுத்தல் இறைவனுக்கு உடன்பாடன்றென்பதும் அக்கையே காட்டிற்று.

ஆகலின், தொழிலுக்குப் பொருளைத் தருவது எல்லையன்று; அத்தொழில் யார்பொருட்டுச் செய்யப்படுகின்றது என்பதனை எல்லை நமக்குக் காட்டுகின்றது. அதனைக் கண்டவழி அன்பு பிறக்கும். அன்பு பிறந்தவழிக் கணக்கு தானே கழலும், அதுவே அலசுதல். அலுவலாயினும், அடுக்களையாயினும், பாடசாலையாயினும் இந்நெறி ஒன்றே. இவ்வேலை தாழ்த்தால் யார் குளிருவார் என்று முதலில் வினவுக. பின்னர் நாழிகையை வரையறுக்க. வரையறுத்த பொழுது முடிந்ததும் எஞ்சியதை இறைவன் திருவடிக்கண் வைத்து எழுக.

எம் உரை இப்பொழுது நிரம்பிவிட்டது. இரண்டு நாழிகையென்று யாம் குறித்த எல்லை அதனை முடித்துத் தந்தது. நண்பர் வினவிய வினாவே எமக்கு இடப்பட்ட எல்லையென்று, அவர் வினவிய அந்நாட்களில் யாம் அறிந்திலேம். அறிந்திருப்பின் அவர் அதனைப் படித்திருப்பார். பிழைகள் சில மலிந்திருக்கும், அவரே திருத்தியுமிருப்பார்.