யார் காதில் விழ வேண்டும்?

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடி போர்ஷன் சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில் காலியானது. ஏழு ஆண்டுகள் குடியிருந்தவர் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளை அடைத்து, பெயின்ட் அடித்து, ஒழுகிய குழாய்க்குப் புது வாஷர் போட்டு முடித்தேன். மிச்சம் இருந்தது ஒரே வேலை. வீடு காலி என்பதை யாரிடம் சொல்வது, எங்கே சொல்வது?

அப்பா காலத்தில் இந்தக் கேள்விக்கு கேட்டிலேயே பதில் தொங்கும். ஒரு பழைய சிலேட்டு. ‘வீடு வாடகைக்கு, உள்ளே விசாரிக்கவும்’ என்று சாக்பீஸால் எழுதி, கம்பியால் கட்டியிருப்பார். மழை பெய்தால் எழுத்து கரைந்துவிடும். மறுநாள் காலையில் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். தெருவில் போகிற யாரும் அதைப் படிக்கலாம். பால்காரர் படிப்பார். இஸ்திரி வண்டிக்காரர் படித்துவிட்டு நாலு வீட்டில் சொல்வார். மனைவியைப் பின்னால் உட்கார வைத்து சைக்கிள் மிதித்து வருகிறவர், காலை ஊன்றி நின்று, மாடியை அண்ணாந்து பார்ப்பார். படிக்கத் தெரியாதவருக்குக்கூட, சிலேட்டு தொங்குவதே சேதி.

பிறகு ஒரு முறை, ஒழுங்காக வாடகை தராத ஒருவரிடம் பட்ட சிரமத்துக்குப் பின், அப்பா சிலேட்டைப் பரணில் போட்டுவிட்டு ஆங்கில நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வரி விளம்பரம் கொடுக்க ஆரம்பித்தார். அந்த விளம்பரத் துண்டு ஒன்று அவருடைய பழைய டைரியில் ஒட்டப்பட்டு இன்னும் இருக்கிறது. நான்கே வரி. ஊர், மாடி, அறைகளின் எண்ணிக்கை, ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம், சிறிய குடும்பம், சைவம் மட்டும். வரிக்கு இவ்வளவு என்று காசு என்பதால் ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் போட்டிருக்கிறார். காற்றோட்டமான வீடு என்பதற்கு இடம் இல்லாமல் போயிருக்கிறது. கிணறு இருந்தது, அதற்கும் இடம் இல்லை. ஆனால் யார் வர வேண்டாம் என்பதற்கு இடம் இருந்திருக்கிறது. ஆளை வரவழைக்கக் கொடுத்த காசில் ஒரு பங்கு, ஆள் வராமல் இருப்பதற்காகச் செலவாகியிருக்கிறது.

தமிழ்ப் பேப்பரில் போட்டால் இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்களே என்று நான் கேட்டது நினைவிருக்கிறது. “நமக்கு ஒத்து வர்றவங்க இதைத்தான்டா படிப்பாங்க” என்றார். அப்பா கெட்டவர் அல்லர். தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவர். அந்தப் பதிலில் என்ன இருந்தது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இன்று சொல்வதற்கு எத்தனையோ இடங்கள் வந்துவிட்டன. மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் என்று பேட்டைக்கொரு இலவச வார இதழ் வீட்டு வாசலுக்கே வருகிறது. 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், நோபுரோக்கர் போன்ற தளங்களில் ஐந்தாறு போட்டோ எடுத்துப் போட்டால் பெங்களூரில் இருந்துகொண்டே வீட்டைப் பார்க்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு ஆளைக் கூட்டி வரும் புரோக்கர் இன்னும் இருக்கிறார். இவை எல்லாவற்றையும் விட வேகமாக வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன.

நான் முதலில் போனது குழுக்களுக்குத்தான். உறவினர் குழு, பழைய அலுவலக நண்பர்கள் குழு, கோயில் கைங்கரியக் குழு. ‘தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.’ தெரிந்தவர் வழியாக வந்தால் நிம்மதி என்று எல்லோரும் சொல்வதுபோல எனக்கும் தோன்றியது. ஆடி வந்தது. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? ஆவணியில் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, லிஃப்ட் இல்லை என்று போய்விட்டார்கள். புரட்டாசியும் கழிந்தது.

செயலியில் பதியலாம் என்று உட்கார்ந்தேன். குடும்பமா, தனியாளா, அசைவம் சமைக்கலாமா, யாராக இருந்தாலும் சரியா என்று அது வரிசையாகக் கேட்டது. அப்பா காசு கொடுத்து வாங்கிய சொற்கள் இப்போது ஒரு தொடுதலில் இலவசமாகக் கிடைக்கின்றன. ‘குடும்பம்’ என்பதைத் தொட்டேன். கை தயங்கவே இல்லை.

புரோக்கரிடமும் சொல்லி வைத்தேன். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று நானே சொல்ல வாயெடுத்தபோது அவர் தடுத்தார். “நீங்க சொல்லவே வேணாம் சார். இந்தத் தெருவுக்கு யாரைக் கூட்டிட்டு வரணும், யாரைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?” ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் சொல்லாததை அவர் எங்கிருந்து கற்றுக்கொண்டார்? எங்களைப் போன்ற நூறு வீட்டுக்காரர்களிடமிருந்துதானே.

ஐப்பசியில், வேறு வழி தோன்றாமல், ஸ்டேஷனரி கடையில் ஒரு டு-லெட் பலகை வாங்கி வந்து, போன் நம்பரை மார்க்கரால் எழுதி கேட்டில் கட்டினேன். மறுநாள் காலை ஏழரை மணிக்கு வாசலில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதிருக்கும். தோளில் பை, கையில் டிபன் கேரியர். நைட் டூட்டி முடித்து வரும் நர்ஸ். இரண்டு தெரு தள்ளி ஒரு ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அப்பா இறந்துவிட்டார். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள ஒரு வீடு தேடுகிறாள்.

“ரெண்டு வருஷமா இந்தத் தெரு வழியாத்தான் சார் போறேன், வர்றேன். மாடியில லைட் எரியலைன்னு ஆடி மாசமே பார்த்தேன். போர்டு இல்லையா, சரி, வேண்டப்பட்டவங்களுக்குச் சொல்லி வெச்சிருப்பாங்க, நாம போய்க் கேட்டா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நான்கு மாதமும் எனக்குள் திரும்பி ஓடியது. வீடு வேண்டியவள் தினம் இரண்டு முறை என் வாசலைக் கடந்திருக்கிறாள். குடித்தனம் வேண்டிய நான் உள்ளே உட்கார்ந்து, அவள் இல்லாத குழுக்களில், அவள் போகாத இடங்களில் ஆள் தேடியிருக்கிறேன். அவளை நான் மறுத்தேனா என்று யாராவது கேட்டிருந்தால், சத்தியம் செய்து இல்லை என்று சொல்லியிருப்பேன். அவளை நான் பார்த்ததே இல்லையே.

வீட்டுக்காரனின் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். பென்ஷன் இல்லாதவருக்கு மாடி வாடகைதான் மருந்துச் செலவு. வாடகை நின்றால், வந்தவர் காலி செய்ய மறுத்தால், வயதான காலத்தில் நீதிமன்றப் படி ஏற முடியாது. 2012இல் வேளச்சேரியில் வாடகை வீடு ஒன்றில் தங்கியிருந்த ஐந்து பேரை வங்கிக் கொள்ளையர் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, நகரம் முழுக்க ஓர் அச்சம் பரவியது. குடியிருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற உத்தரவும் அதைத் தொடர்ந்து வந்தது.

குடித்தனக்காரரின் பயமும் அதே அளவு உண்மை. செழியன் இயக்கிய ‘டு லெட்’ படத்துக்கு 2017ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு கணவன், மனைவி, சிறு பையன், அவர்கள் வீடு தேடி அலையும் சென்னை, அவ்வளவுதான் கதை. பார்த்தவர்கள் பலர் அதில் தங்கள் குடும்பத்தையே பார்த்தார்கள்.

இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவே சட்டம் ஒரு வழி போட்டிருக்கிறது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னைக்கு இது பெரிய மாற்றம். ஆளை விசாரிக்கலாம், வேலை பார்க்கும் இடத்தைக் கேட்கலாம், அடையாள அட்டையைப் பார்க்கலாம், கையெழுத்து வாங்கலாம். இவ்வளவும் ஒருவர் வாசலுக்கு வந்த பிறகு, முகம் பார்த்துச் செய்கிற காரியங்கள். கேட்டால் அவரும் பதில் சொல்வார். அவரும் நம்மைக் கேட்பார்.

எந்த இடத்தில் விளம்பரம் செய்வது என்று தேர்ந்தெடுக்கும்போது நடப்பது வேறு. அங்கே யாரும் வந்து நிற்பதற்கு முன்பே சலித்தெடுப்பது முடிந்துவிடுகிறது. இல்லை என்று வாய் திறந்து சொன்னால், ஏன் என்று ஒருவர் கேட்கலாம், வாதாடலாம், கோபப்படலாம். சேதியே போய்ச் சேராதவர் என்ன கேட்பார்? தனக்கு ஒரு கதவு மூடப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. மூடியவனுக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாமல் நடப்பதால்தான் அந்த மறுப்பு இத்தனை காலம் நீடிக்கிறது. நல்லவர்கள் வீட்டிலும் நீடிக்கிறது.

வீட்டோடு இது முடிவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கடையில் ஒரு வேலை காலி, டிரஸ்டில் ஒரு படிப்பு உதவி, பேத்திக்கு ஒரு டியூஷன் டீச்சர். நம் கையில் கொடுப்பதற்கு ஏதாவது இருக்கும்போதெல்லாம், அதை யார் காதில் போடுகிறோம் என்பதிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. மீதிப் பாதியை நேர்மையாகச் செய்துவிட்டு நியாயமாக நடந்தோம் என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறோம்.

கார்த்திகை பிறந்து ஒரு புதன்கிழமை காலையில் அவளும் அம்மாவும் மாடியில் பால் காய்ச்சினார்கள். அந்த அம்மா ஒவ்வொரு படியாகச் சுவரைப் பிடித்து இறங்கி வந்து, என் மனைவியின் கையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்தார். நான் பலகையை அவிழ்த்து, துடைத்து, அப்பாவின் சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த முறை குழுவிலும் சொல்வேன், செயலியிலும் போடுவேன், பேப்பரிலும் கொடுப்பேன். ஆனால் முதலில் இதைக் கட்டிவிட்டுத்தான் மற்றவை. ஏனென்றால் நான் யாரிடம் சொல்லவில்லையோ, அவர்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.