தடுப்புக்கு இந்தப் பக்கம்

2010 பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக். பனித்தளத்தில் தென்கொரியாவின் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை கிம் யூனா ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் ஆட்டத்தைவிட, தடுப்புக்கு வெளியே நின்ற அவருடைய பயிற்சியாளரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கிம் ஒரு குதிப்புக்குத் தயாராகும்போது இவருக்கும் முழங்கால் மடங்குகிறது. அவர் காற்றில் எழும்பினால் இவரும் நின்ற இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளுகிறார். அவர் தடுமாறாமல் தரையிறங்கியதும் இவருக்கு முகமெல்லாம் பல். 228.56 புள்ளிகள் என்று பலகையில் விழுந்தபோது அது உலக சாதனை.

அந்த 48 வயதுக்காரர் பிரையன் ஆர்சர். 22 ஆண்டுகளுக்கு முன், இதே கனடாவில், கல்கரி ஒலிம்பிக்கில் தங்கத்தை நூலிழையில் நழுவவிட்டவர். பிறகென்ன, தனக்குக் கிட்டாததை மாணவி வழியாக அடைந்துவிட்டார் என்று உலகம் எழுதித் தீர்த்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை.

அவருக்கு நழுவியது ஒரு தங்கம் அல்ல, இரண்டு. 1984-இல் சரயேவோவில் குறும் ஆட்டத்திலும் நெடும் ஆட்டத்திலும் அவரே முதலிடம். ஆனாலும் வெள்ளிதான் கிடைத்தது. அன்றைக்கு ‘கட்டாய உருவங்கள்’ என்றொரு பிரிவு இருந்தது. வெறும் பனியில் ஸ்கேட்டின் விளிம்பால் எட்டு போன்ற கோலங்களை இழுக்க வேண்டும். இழுத்த கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் போக வேண்டும். முடிந்ததும் நடுவர்கள் தளத்தில் இறங்கி, குனிந்து, கோடு எங்கே விலகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆர்சர் அதில் ஏழாவது. மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்கு. அமெரிக்காவின் ஸ்காட் ஹாமில்டன் தங்கத்தோடு போனார். 1990-க்குப் பிறகு அந்தப் பிரிவையே சர்வதேசப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆர்சருக்கு அதனால் என்ன பயன்?

1988 இன்னும் மோசம். அவர் அப்போது உலக சாம்பியன், தொடக்க விழாவில் கனடாவின் கொடியை ஏந்திப் போனவர். எதிரே அமெரிக்காவின் பிரையன் பாய்டானோ. இருவர் பெயரும் பிரையன் என்பதால் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ‘பிரையன்களின் போர்’ என்று பெயர் வைத்தன. நெடும் ஆட்டத்தில் ஆர்சர் ஒரு குதிப்பில் சற்றே தடுமாறினார். கடைசிப் பகுதியில் போட வேண்டியிருந்த இரண்டாவது ட்ரிபிள் ஆக்செலை இரட்டைச் சுற்றாகக் குறைத்துக்கொண்டார். 9 நடுவர்களில் 5 பேர் பாய்டானோ பக்கம், 4 பேர் இவர் பக்கம். சொந்த நாட்டில் நடந்த அந்த ஒலிம்பிக்கில் கனடாவுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் அவர் சுமந்திருப்பார்.

ஆக்செல் என்பது முன்பக்கம் பார்த்தபடி எழும்ப வேண்டிய ஒரே குதிப்பு. அதனால் ட்ரிபிள் என்றால் மூன்றரைச் சுற்று. ஒலிம்பிக்கில் அதை முதலில் போட்டுக் காட்டியவர் ஆர்சர். ‘மிஸ்டர் ட்ரிபிள் ஆக்செல்’ என்பதே அவருடைய பட்டப்பெயர். கல்கரியில் அவர் கைவிட்டதும் அதே குதிப்பு. ஆக, தன் குறையை மாணவி வழியாகத் தீர்த்துக்கொள்ள நினைக்கிற ஓர் ஆசான் முதலில் எதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்? வான்கூவரில் கிம்மின் பெரிய போட்டியாளர் ஜப்பானின் மாவோ அசாதா. அவர் அந்த ஒரே ஒலிம்பிக்கில் மூன்று ட்ரிபிள் ஆக்செல் போட்டார். கிம் ஒன்றுகூடப் போடவில்லை. தனக்கு வருவதை மட்டும், அப்பழுக்கில்லாமல், வேகம் குறையாமல் செய்தார். ஜெயித்தார். தன் பெயரோடு ஒட்டிய குதிப்பே இல்லாத ஓர் ஆட்டத்துக்காகத்தான் ஆர்சர் தடுப்போரம் துள்ளிக்கொண்டிருந்தார்.

இது எவ்வளவு கஷ்டம் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். நமக்குக் கைகூடாத படிப்பு, நமக்கு வராத பாட்டு, பாதியில் விட்ட டென்னிஸ் எல்லாம் பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதே வரிசையில் வந்து நின்றுவிடுகின்றன. அதற்கு அன்பு என்றே பெயரும் வைத்துவிடுகிறோம்.

தோல்வி ஆளைப் பக்குவப்படுத்தும் என்பதை நான் நம்புவதில்லை. நான் பார்த்தவரை அது பாதிப் பேரைக் கசப்பாக்கித்தான் விட்டிருக்கிறது. ஆர்சர் கசந்து போகாததற்கு வேறு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். கல்கரிக்குப் பிறகு அவர் நேராகப் பயிற்சியாளர் ஆகிவிடவில்லை. இரண்டு பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவாக, தொழில்முறை நிகழ்ச்சிகளில் ஊர் ஊராக ஆடினார். நடுவர் இல்லை, மதிப்பெண் இல்லை. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும். 1990-இல் வெளிவந்த ‘கார்மென் ஆன் ஐஸ்’ படத்தில் ஸ்கேட்டிங் வீராங்கனை கத்தரீனா விட்டோடும் அதே பாய்டானோவோடும் சேர்ந்து ஆடினார். மூவருக்கும் எம்மி விருது கிடைத்தது. தன்னை வென்றவனோடு ஒத்திகை பார்த்து, மேக்கப் போட்டு, ஒரே காட்சியில் சண்டை போட்டு நடித்த பிறகு பழைய பகையில் என்ன மிஞ்சும்? தன் ஆட்டத்தைத் தன் கால்களாலேயே ஆடித் தீர்த்துவிட்டுத்தான் அவர் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார். இன்னொருவர் கால்களைக் கடன் வாங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

வான்கூவருக்குப் பிறகு ஆறே மாதத்தில் கிம் அவரைவிட்டுப் பிரிந்தார். ஏன், எப்படி என்பதில் இரு தரப்பும் பத்திரிகைகளிடம் வெவ்வேறு விதமாகப் பேசின. அந்தத் தங்கம் உண்மையிலேயே ஆர்சருடைய கணக்கில் வரவு வைக்கப்பட்டிருந்தால் அவர் அத்தோடு கடையைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. டொரன்டோ கிரிக்கெட், ஸ்கேட்டிங் அண்ட் கர்லிங் கிளப்பில், 1988-இல் ஐஸ் டான்ஸில் வெண்கலம் வென்ற ட்ரேசி வில்சனோடு சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். அங்கே எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் மற்றவர்களோடு ஒன்றாக வரிசையில் தளத்தைச் சுற்றிவந்து, அடிப்படைச் சறுக்கலையும் விளிம்பில் சாய்வதையும் பழக வேண்டும். ஸ்பெயினின் ஹவியர் ஃபெர்னாண்டஸ் 2011-இல் அங்கே வந்தார். அவருடைய நான்கு சுற்றுக் குதிப்பைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றே மறு ஆண்டு ஜப்பானின் யுசுரு ஹன்யு வந்து சேர்ந்தார். எதிராளி பழகும் இடத்துக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவது ஹன்யுவின் துணிச்சல். இருவரையும் ஒரே தளத்தில் வைத்து நடத்துவது அதைவிடப் பெரிய காரியம்.

2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஆர்சரிடம் இரண்டு ஜாக்கெட்டுகள் இருந்தன. ஹன்யு ஆடும்போது ஜப்பானுடையது, ஃபெர்னாண்டஸ் ஆடும்போது ஸ்பெயினுடையது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டு தடுப்போரம் வருவார். ஹன்யு இரண்டு முறை விழுந்தும் தங்கம் வாங்கினார். ஃபெர்னாண்டஸ் விதி அனுமதித்ததைவிட ஒரு ‘சால்காவ்’ குதிப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. 1.18 புள்ளியில் வெண்கலம் போயிற்று. வெள்ளி வாங்கியவர் கனடாவின் பேட்ரிக் சான். ஆண்கள் தனிப்பிரிவில் ஒலிம்பிக் தங்கமே கண்டிராத நாடு கனடா. அந்த ஏக்கத்துக்கு இரண்டு முறை முகமாக இருந்தவர் ஆர்சர். இப்போது அதே ஏக்கம் தொடர ஜப்பான் ஜாக்கெட்டில் அவரும் ஒரு காரணம்!

அடுத்த இரண்டு ஆண்டுகளும் உலகப் போட்டியில் ஃபெர்னாண்டஸ் தங்கம், ஹன்யு வெள்ளி. ஒருவனைத் தட்டிக்கொடுத்த கையோடு இன்னொருவனைத் தேற்ற வேண்டும். இரண்டும் பொய்யாக இருக்கக் கூடாது. நாட்டுப்பற்று உள்ளவர்கள் இதைத் துரோகம் என்பார்கள், வியாபாரம் என்றும் சிலர் சொல்வார்கள். சம்பளத்துக்குச் செய்கிற வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் வாங்குகிற எல்லாரும் இப்படித் துள்ளுவதில்லை.

2018 ஒலிம்பிக்கில் ஹன்யு மறுபடி தங்கம், ஃபெர்னாண்டஸ் வெண்கலம். அடுத்தது பெய்ஜிங் 2022. அதற்குள் பெருந்தொற்று வந்து ஹன்யு ஜப்பானிலேயே தங்கி, பெரும்பாலும் தனியாகப் பயிற்சி செய்தார். பெய்ஜிங்கில் அவருக்கு நான்காம் இடம். ஐந்தாவது தென்கொரியாவின் சா ஜுன்ஹ்வான், ஆறாவது அமெரிக்காவின் ஜேசன் பிரவுன். இருவருமே ஆர்சர் தளத்தில் பழகியவர்கள். பிரவுன் அந்த ஒலிம்பிக்கில் நான்கு சுற்றுக் குதிப்பை முயலவே இல்லை.