ஒரு விரற்கடை ஜன்னல்

வீட்டில் படுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பற்றி நாம் யோசிப்பதே இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. யார் பார்க்கிறார்கள் என்பது இன்னொன்று. சுவரும் கூரையும் இரண்டையும் நமக்காக ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கின்றன. கேம்பர் வேனில் படுப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மெத்தை உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டிகூட உண்டு. ஆனால் தகரத்துக்கு அந்தப் பக்கம் தெரு. ஒவ்வொரு இரவும் அதே கேள்விதான்: ஜன்னலை எவ்வளவு திறப்பது? திறந்தால் காற்றோடு பார்வையும் உள்ளே வரும். மூடினால் பார்வையோடு காற்றும் நின்றுபோகும்.

வேன் வைத்திருப்பவர்கள் இதை ஒரு வசதிப் பிரச்சினையாகத்தான் பேசுவார்கள். எந்த விசிறி, எந்தத் துணி, எத்தனை அங்குலத் துளை என்று. அதுவும் பேச வேண்டியதுதான். எனக்கு இதற்குள் வேறொரு கேள்வியும் தெரிகிறது. தூங்குகிற ஒருவருக்கு, விழித்திருக்கும் மற்றவர்கள் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். நடுத்தர அளவுள்ள ஒரு வேனின் உள்ளறை 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். ஒரு பொட்டுக் காற்றும் புகாமல் அதை அடைத்துவிட்டு இருவர் படுத்தால், ஒரே மணி நேரத்தில் உள்ளே கரியமில வாயுவின் அளவு வெளிக்காற்றில் இருப்பதைப்போல ஆறு மடங்குக்கு மேல் போய்விடும். நிஜ வேன்களில் கதவிடுக்குகள் வழியாகக் கொஞ்சம் கசியும் என்பதால் நிலைமை அவ்வளவு மோசமாவதில்லை. ஆனாலும் காலையில் எழும்போது தலை கனக்கும். உள்ளே அடுப்போ ஹீட்டரோ எரிந்தால் கதையே வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

காற்றைவிட நம்மைச் சீக்கிரம் காட்டிக்கொடுப்பது ஈரம். இருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் சுமார் அரை லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார்கள். குளிர்ந்த கண்ணாடியில் அது முத்து முத்தாகப் படியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. யாருக்கும் தெரியக் கூடாது என்று எல்லாவற்றையும் இறுக்கி மூடிப் படுத்தவரின் வேன்தான் விடியற்காலையில் தெருவிலேயே அதிகம் தெரியும். வரிசையில் நிற்கும் மற்ற வண்டிகளின் கண்ணாடி வெளிப்பக்கம் நனைந்திருக்கும். இது ஒன்று மட்டும் உட்பக்கம் வெளுத்திருக்கும். உள்ளே ஆள் இருக்கிறது என்று மூச்சே எழுதி வைத்துவிடும்.

இதற்குத் தீர்வு கூரையில் இருக்கிறது. வழக்கமாக 14 அங்குலச் சதுரத்துக்குக் கூரையை வெட்டி, 12 வோல்ட்டில் ஓடும் ஒரு விசிறியைப் பொருத்துவார்கள். அந்தத் துளையை வானம் மட்டும்தான் பார்க்கும். ஆனால் மேலே ஒரு துளை மட்டும் போதாது. விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர ஒரு வழி வேண்டும். கீழே ஏதாவது ஒரு ஜன்னல் ஒரு விரற்கடையாவது திறந்திருக்க வேண்டும். அந்த விரற்கடை சரியாகத் தெருவில் நடப்பவரின் கண் உயரத்தில் வந்து நிற்கிறது.

மனிதர்கள் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறார்கள். கெய்ரோவின் பழைய வீடுகளில் தெருவை நோக்கித் துருத்தி நிற்கும் மரச்சல்லடை ஜன்னல்களுக்கு மஷ்ரபியா என்று பெயர். காற்று உள்ளே வரும், வெயில் உடைந்து வரும், உள்ளிருப்பவர் வெளியே தெரியமாட்டார். குடிநீர்ப் பானையை அங்கே வைத்துக் குளிர்விப்பார்கள். எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 20-ஆம் நூற்றாண்டில் இந்த ஜன்னலின் அறிவை விரிவாக எழுதிக் காட்டினார். 1799-இல் கட்டப்பட்ட ஜெய்ப்பூரின் ஹவா மஹால் இதே யோசனையின் பிரம்மாண்ட வடிவம். பெயரிலேயே காற்று. அரச குடும்பத்துப் பெண்கள் தெருவைப் பார்க்கலாம், தெரு அவர்களைப் பார்க்க முடியாது.

ஆனால் சல்லடைக்கு ஒரு குணம் உண்டு. வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டும் இருக்கும்வரைதான் அது மறைக்கும். இரவில் உள்ளே விளக்கேற்றினால் ஏற்பாடு அப்படியே தலைகீழாகிவிடும். உள்ளிருப்பவர் காட்சியாகிவிடுவார், வெளியில் நிற்பவர் மறைந்துவிடுவார். வேனின் கொசுவலைக்கும் இதே விதிதான். வலைத்திரை போட்டு, விளக்கை அணைத்துவிட்டால் காற்றும் கிடைக்கும், ஓரளவு மறைவும் கிடைக்கும். புத்தகம் படிக்க முடியாது, அவ்வளவுதான். பேச்சையும் குறட்டையையும் வலை தடுக்காது. கண்ணிலிருந்து தப்பலாம், காதிலிருந்து தப்ப முடியாது.

ஆக, உத்திகளால் பாதி தூரம் போகலாம். மீதி பாதி வேனுக்கு வெளியே இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைகளின் கிழக்கே, 395-ஆம் நெடுஞ்சாலை வழியாக நானும் என் மனைவியும் ஒருமுறை வாடகை வேனில் போனோம். முதல் இரவு ஒரு சிற்றூரின் வாகன நிறுத்தத்தில் தங்கல். நல்ல புழுக்கம். ஜன்னலைப் பாதி இறக்கலாம் என்றேன்.

"வேணாங்க. யாராவது எட்டிப் பார்ப்பாங்க."

"பார்த்தா என்ன? தூங்குறதைத்தானே பார்க்கப் போறாங்க."

"நீங்க திறந்து வெச்சிட்டுத் தூங்கிடுவீங்க. நான்ல முழிச்சிட்டு இருக்கணும்."

மறுநாள் இரவு ஊரைத் தாண்டிப் பொதுநிலத்தில், பாறைகளுக்கு நடுவே நிறுத்தினோம். ஒரு மைல் சுற்றளவில் யாரும் இல்லை. பக்கக் கதவை முழுதாகத் திறந்து வைத்தது அவள்தான். அதே வேன், அதே திரை, அதே இருவர். மாறியது ஒன்றுதான்: சுற்றி மனிதர்கள் இல்லை.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுதும் அடங்கியிருப்பதாக இப்போது நினைக்கிறேன். ஒரே ஜன்னல்தான் என்றாலும் அதன் திறப்பு இருவருக்கும் ஒன்றல்ல. எனக்கு அது காற்று. அவளுக்கு அது காவல் வேலை. எத்தனை அங்குலம் திறக்கலாம் என்பதை ஜன்னலின் அளவு தீர்மானிப்பதில்லை. தெருவின் மீது நமக்கு இருக்கும் நம்பிக்கை தீர்மானிக்கிறது. அந்த நம்பிக்கை எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்கப்படுவதில்லை.

சார்த்தர் 1943-இல் வெளியான 'இருத்தலும் இன்மையும்' நூலில் ஒரு காட்சியைச் சொல்கிறார். ஒருவன் சாவித்துவாரம் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் காலடி ஓசை கேட்கிறது. அந்தக் கணத்தில் பார்க்கிறவன் பார்க்கப்படுகிறவனாக மாறுகிறான், வெட்கம் வருகிறது. பார்வைகளுக்கு இடையில் எப்போதும் இப்படி ஒரு திருப்பி அடித்தல் சாத்தியம். உறங்குகிறவருக்கு மட்டும் அது இல்லை. அவரால் திரும்பிப் பார்க்க முடியாது, முகத்தைச் சரிசெய்துகொள்ள முடியாது, விலகிய போர்வையை இழுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் தூங்குபவரைக் கண்கொட்டாமல் பார்ப்பது, அவருக்கு ஒரு கெடுதலும் செய்யாவிட்டாலும், ஏதோ எடுத்துக்கொண்டது போலாகிறது.

சுற்றுலா போகிறவர்களுக்கு இது சில இரவுகளின் சங்கடம். வேனே வீடாகிப் போனவர்களுக்கு வாழ்க்கை. ஜெஸிகா புரூடரின் 'நோமேட்லேண்ட்' 2017-இல் வந்தது. அதை ஒட்டிய திரைப்படம் 2020-இல். இரண்டிலும் வருபவர்கள் வாடகை கட்ட முடியாமல் சக்கரங்களுக்கு இடம்பெயர்ந்த வயதானவர்கள். நகரத் தெருக்களில் இப்படி உறங்குபவர்கள் அதிகம் அஞ்சுவது நள்ளிரவில் கதவில் விழும் தட்டலை. அதனால் ஆள் இருப்பதே தெரியாமல் படுக்கப் பழகிக்கொள்கிறார்கள். ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை, விளக்கில்லை, விசிறிச் சத்தமில்லை. கோடையிலும் அப்படித்தான். காற்றைக் கொடுத்து மறைவை வாங்குகிறார்கள். மலையடிவாரத்தில் கதவைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொள்பவரும் அதே மாதிரி வேனில்தான் படுக்கிறார். அவருக்குக் காற்றும் மறைவும் ஒருசேரக் கிடைக்கின்றன, ஏனென்றால் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது, விரட்டினால் போக ஹோட்டலும் இருக்கிறது.

சட்டமும் இந்த இரட்டை நிலையில் தடுமாறியிருக்கிறது. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'கலிஃபோர்னியா எதிர் கார்னி' வழக்கில் ஒரு மோட்டார் ஹோமைப் பற்றித் தீர்ப்பளித்தது. சான் டியேகோ நகரில் நிறுத்தப்பட்டிருந்த அந்த வண்டியின் திரைகள் மூடியிருந்தன. நீதிபதியின் உத்தரவு இல்லாமல் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். அது வீடா, வாகனமா? ஓடக்கூடியது, ஆகவே வாகனத்துக்குரிய குறைந்த அந்தரங்கமே அதற்கு என்றனர் ஆறு நீதிபதிகள். உள்ளே இருப்பது ஒரு வீட்டின் வாழ்க்கை, அதற்கு வீட்டின் பாதுகாப்பு வேண்டும் என்றனர் மற்ற மூவர். சக்கரம் இருப்பதால் கதவின் மதிப்பு குறைந்துவிடுமா என்ன? 2014-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், வாகனத்தை வசிப்பிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற லாஸ் ஏஞ்சலஸ் நகரச் சட்டத்தைத் தெளிவற்றது என்று ரத்து செய்தது. 2024-இல் 'கிராண்ட்ஸ் பாஸ்' வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவிடத்தில் முகாமிட்டுத் தூங்குவோரை ஊர்கள் தண்டிக்கலாம் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் தன் வேனிலேயே வாழ்ந்தவர்.

தெருவாசிகள் பக்கமும் நியாயம் உண்டு. வாசலுக்கு எதிரே, கண்ணாடி கறுத்த வண்டி ஒன்று இரவெல்லாம் நிற்கிறது. உள்ளே யார், எத்தனை பேர், வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று தெரியாது. ஹவா மஹாலின் சமனின்மை அங்கேயும் வந்துவிடுகிறது. தான் தெரியாமல் பிறரைப் பார்க்கக்கூடிய இடம் எதுவானாலும் அது மற்றவர்களுக்கு அச்சம் தரும். முழுக்க மூடிய வேன் தன்னைக் காத்துக்கொள்வதோடு தெருவையும் பதற வைக்கிறது. அந்தப் பதற்றம்தான் கடைசியில் தட்டலாக வந்து சேர்கிறது. தட்டலுக்கு அஞ்சி இன்னும் இறுக்கி மூடுகிறார்கள்.

நம் ஊரில் இந்தச் சிக்கல் இருந்ததில்லையே, திண்ணையிலும் மொட்டை மாடியிலும் ஊரே காற்று வாங்கிக்கொண்டு தூங்கியதே என்று தோன்றலாம். உண்மைதான். அந்தக் காற்று திரையில்லாமல் கிடைத்தது, ஏனென்றால் திரையின் வேலையைப் பக்கத்து மாடிக்காரரின் கண் செய்தது. அவர் பார்த்தும் பாராமல் போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் அந்தத் திண்ணையில் படுத்தது யார்? பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பல வீடுகளில் புழுங்கும் உள்ளறையில் படுத்தார்கள். சாதியால் திண்ணையேற முடியாதவர்களும் இருந்தார்கள். பாராமல் இருக்கும் மரியாதை அங்கேயும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அதனால் பழையதைத் திருப்பிக் கொண்டுவருவது பற்றி நான் பேசவில்லை. அந்த மரியாதை என்ற ஒன்று சாத்தியம் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-இல் அதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'நாகரிகமான பாராமை' என்று சொல்லலாம். அந்நியர்கள் எதிரெதிரே வரும்போது ஒருகணம் பார்த்துக்கொள்கிறார்கள், நீ இருப்பதை அறிந்தேன் என்பதுபோல. உடனே பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள், உன்னை ஆராயப் போவதில்லை என்பதுபோல. இதில் இரண்டு பாதிகளும் முக்கியம். முதல் பாதி இல்லாவிட்டால் அது அலட்சியம். மூடிய வண்டிக்குள் ஒருவர் வெக்கையில் மயங்கிக் கிடந்தாலும் நமக்கென்ன என்று போய்விடுவதும் பாராமைதானே! இரண்டாம் பாதி இல்லாவிட்டால் அது வேவு.

திருக்குறளில் கண்ணோட்டம் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. இன்று அந்தச் சொல்லைக் கருத்து, பார்வைக் கோணம் என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். அங்கே அது பிறர்மேல் படியும் கண்ணின் கனிவு. அப்படிப்பட்ட கண்கள் இருக்கும் தெருவில் காற்றோட்டத்துக்குப் பெரிய கருவிகள் தேவைப்படாது.

என்னிடம் யாராவது யோசனை கேட்டால், கூரை விசிறியும் கொசுவலையும் வாங்குங்கள், விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலை ஒரு விரற்கடை இறக்குங்கள் என்றுதான் சொல்வேன். அந்த இடைவெளி மூச்சுக்கு மட்டுமல்ல, இங்கே ஒரு மனிதர் தூங்குகிறார் என்று தெருவுக்குச் சொல்லவும் கொஞ்சம் உதவும். ஆனால் அதைத் திறக்கும் துணிவை வேனுக்குள் இருப்பவர் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது வெளியே நடந்து போகிறவர்கள் கொடுக்க வேண்டியது. காலை நடையில் எங்காவது உட்பக்கம் வெளுத்த கண்ணாடியோடு ஒரு வேன் நின்றால் ஒருமுறை பாருங்கள். உள்ளே ஆபத்து ஏதும் இல்லை என்று தெரிந்தால், சத்தம் போடாமல் கடந்து போய்விடுங்கள்.