ஏப்ரல் 15 வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயிரியல், உளவியல் முனைவர் படிப்புகளுக்கான நேர்காணல்கள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கின்றன. அதன் பிறகு பலருக்கு வாரக்கணக்கில் ஒரு தகவலும் வருவதில்லை.

மாணவர் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்கிறார். நேர்காணலில் தடுமாறிச் சொன்ன ஒரு பதிலை நினைத்து நோகிறார். தாமதத்துக்குக் காரணம் பல நேரங்களில் அந்தப் பதிலே அல்ல.

அமெரிக்காவில் பட்டமேற்படிப்புக் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு வகுத்த தீர்மானம் ஒன்று உண்டு. அதை ஏற்றுக் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையுடன் இடம் தந்த மாணவரை ஏப்ரல் 15-க்கு முன் முடிவு சொல்லும்படி நெருக்கக் கூடாது. ஐந்தாறு ஆண்டுகளை அவசரத்தில் ஒப்புக்கொடுத்துவிடாமல் மாணவரைக் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் நான்கு இடங்களைக் கையில் வைத்திருப்பவர் கடைசி நாள்வரை யோசித்தால், காத்திருப்போர் பட்டியல் அசைவதில்லை. அதில் இருப்பவரின் தகுதிக்கும் இந்த மௌனத்துக்கும் தொடர்பே இராது.

ஒரு மாதம் கடந்தும் செய்தி இல்லையென்றால், சேர்க்கை அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். அதில் தவறே இல்லை. எங்கே சேர்வதென்று முடிவெடுத்துவிட்டவர் மற்ற இடங்களை மார்ச்சிலேயே விட்டுக்கொடுத்தால், முகம் தெரியாத ஒருவருக்கு அழைப்பு சில வாரங்கள் முன்னதாகவே போய்ச் சேரக்கூடும்.