இரண்டு மைக்குகளுக்கு நடுவே

மைக் இல்லாக் கச்சேரியைப் பதிவு செய்யத்தான் இரண்டு மைக்குகள் கொண்ட ஸ்டீரியோ ஜோடி பொருத்தம். பாட்டும் வயலினும் மிருதங்கமும் ஒலிபெருக்கி வழியாக அரங்கை நிரப்பும் இடத்தில், ஜோடிக்குக் கிடைப்பது பெட்டியின் குரல்.

*

காது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆலாபனை சூடு பிடித்ததும் மின்விசிறி நமக்குக் கேட்பதில்லை. மைக்குக்குக் கேட்கும், அதற்கு ரசனை கிடையாது. எதை விலக்குவது என்று நாம்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மைக் தேர்வு என்பது அதுதான்.

*

கார்டியாய்டு மைக் முன்னால் இருப்பதை வாங்கிக்கொண்டு பின்னால் இருப்பதைத் தள்ளும். இருமல் குறையும். ஆனால் தள்ளி வைத்தால் அடி ஸ்வரங்கள் மெலியும், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்கி கனம் இழக்கும். ஓம்னி மைக் எல்லாத் திசையும் கேட்கும். மந்தர ஸ்தாயி முழுசாக நிற்கும். தெருவும் கூடவே உள்ளே வரும். அமைதியான கூடத்துக்கு ஓம்னி, ஆட்டோ ஓடும் தெருவோரத்துக்குக் கார்டியாய்டு.

*

ஈ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் ப்ளும்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரியது 1931-இல். முன்னும் பின்னும் ஒன்றுபோலக் கேட்கும் இரண்டு மைக்குகளை 90 டிகிரியில் குறுக்காக வைக்கும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். நல்ல கூடத்தில் அது அபாரம். ஆனால் பின்னால் தாளம் போடும் ரசிகரும் அதே தெளிவோடு பதிவாவார்.

பிரெஞ்சு வானொலியில் பிறந்த ஓ.ஆர்.டி.எஃப். முறையில் இரண்டு கார்டியாய்டுகள். இடைவெளி 17 செ.மீ., கோணம் 110 டிகிரி. ஏறக்குறைய இரு காதுகளின் இடைவெளி. பக்கவாட்டில் வரும் ஒலி ஒரு மைக்கிலிருந்து மற்றதை எட்ட அரை மில்லி செகண்டு ஆகும். வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம் என்று நாம் உணர்வதில் அந்தத் தாமதத்துக்கும் பங்குண்டு. நான் பெரும்பாலும் எடுத்துப் போவது இந்த ஜோடியைத்தான்.

*

பதிவைக் கேட்கும்போது பாடகர் நடுவில் இருக்கிறார். அந்த இடத்தில் ஸ்பீக்கர் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வருவதால் மனம் அவரை அங்கே உட்கார வைக்கிறது. மைக் இரண்டும் ஒரே குணமாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். ஒன்று சற்று மாறினாலும், தார ஸ்தாயிக்குப் போகையில் குரல் ஓரமாக நகரும். பொருந்தாத உயர்ந்த விலை மைக்குகளைவிடப் பொருந்திய சாதாரண மைக்குகள் மேல்.

*

மிருதங்கம் ஓங்கிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. இரண்டு தடங்களிலும் எல்லாரும் கலந்தாயிற்று. அதனால் பதிவுக்கு முன்பே ஸ்டாண்டைப் பாடகர் பக்கம் அரை அடி நகர்த்திச் சற்று உயர்த்திப் பார்க்கலாம். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை ரசிகரைப் பார்த்தபடி இருப்பதால் உயரம் கொஞ்சம் காப்பாற்றும்.

சோதனைக்கு நான் நம்புவது தம்பூராவை. குரல் நின்ற மூச்சில் ஹெட்ஃபோனில் அதன் ரீங்காரம் கேட்டால் தூரம் சரி. கேட்கவில்லையென்றால் மைக்கைக் குறை சொல்லாமல் இடத்தை மாற்ற வேண்டும்.