பிடிக்கும் கையும் விடும் கையும்

பிறருக்கு உதவ வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. எந்த அளவுக்கு உதவுவது, எப்போது கையை விலக்கிக்கொள்வது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். இதற்கான விடையை ஒரு குதிரை இலாயத்திலும் தேடிப் பார்க்கலாம்.

உடல் வலுக் குன்றியவர்களைக் குதிரைமேல் அமர்த்திப் பயிற்சி அளிக்கும் மையங்கள் மேலைநாடுகளில் பல உண்டு. குதிரை நடக்கையில் அதன் முதுகில் எழும் அசைவு, மனிதன் நடக்கையில் இடுப்பில் எழும் அசைவை ஒத்திருக்கிறது. ஆகவே தன் காலால் நடந்தறியாத குழந்தையின் உடலும் நடையின் தாளத்தை அங்கே உணர்கிறது, சமநிலை பழகுகிறது.

இம்முறைக்கு ஊக்கம் தந்தவர்களுள் ஒருவர் டென்மார்க் நாட்டு லிஸ் ஹார்ட்டெல். 1944இல் இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. முழங்காலுக்குக் கீழே செயலிழந்த நிலையிலும், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் அவருக்குப் பிறர் துணை தேவைப்பட்டது. அவரது வெற்றியை வியக்கும் நாம், அவரை ஏற்றி இறக்கிய கைகளை நினைப்பதில்லை. பிரிட்டனில் 1969இல் இப்பணிக்கென ஒரு தேசியச் சங்கம் உருவாயிற்று. இன்றும் அது பெரிதும் ஊதியம் பெறாத தொண்டர்களையே நம்பி நடக்கிறது.

அத்தகையோரின் ஒரு நாளை நோக்குவோம். குழந்தைகள் வருமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வளர்ந்த குதிரையொன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கிலோ இலத்தி இடும். அதை வாரி அகற்ற வேண்டும். புல்லும் நீரும் வைக்க வேண்டும். உடலைத் தேய்த்துவிட வேண்டும். நான்கு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே சிக்கிய கல்லையும் சேற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும். சேணத்தின் வாரை இறுக்கி, மறுமுறையும் சரிபார்க்க வேண்டும். சிறு கல் தங்கினால் குதிரை நொண்டும்; வார் தளர்ந்தால் குழந்தை சரியும்.

குழந்தை அமர்ந்தபின் மூவர் உடன் நடப்பதுண்டு. ஒருவர் கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்துகிறார். அவரது கவனம் குதிரைமீதும் வழிமீதும் இருக்க வேண்டும். ஆதலால், முதன்முறை நிமிர்ந்து அமர்ந்த குழந்தையின் முகத்தில் மலரும் சிரிப்பு அவருக்குப் பின்னால் நிகழ்கிறது. அதை அவர் காண்பதில்லை.

இருபுறமும் நடக்கும் மற்ற இருவரின் பணி இன்னும் நுட்பமானது. தொடக்கத்தில் தம் முன்கையைக் குழந்தையின் தொடைமேல் குறுக்காக வைத்துச் சேணத்தோடு சேர்த்துப் பிடிக்கின்றனர். சமநிலை கைவரக் கைவர, அந்தப் பிடி கணுக்காலுக்கு இறங்குகிறது. பின்பு, பயிற்றுநர் சொல்லும்போது கை விலகுகிறது. தேவைக்கு மேல் தாங்கினால் குழந்தை அந்தக் கையின்மேலேயே சாய்ந்துவிடும். தன் உடலால் தன்னைத் தாங்கக் கற்காது. காலத்துக்கு முன்பே விட்டாலோ விழுந்துவிடும்.

நம் இல்லங்களில் இதே தராசை நாம் நேராகப் பிடிக்கிறோமா? நடுங்கும் கையால் மெல்ல உண்ணும் முதியவரிடமிருந்து தட்டை வாங்கி ஊட்டிவிடுகிறோம். பேசத் திணறும் பிள்ளையின் சொல்லை நாமே முடித்து வைக்கிறோம். இவற்றைப் பரிவு என்கிறோம். பல வேளைகளில், காத்திருக்க இயலாத நமது அவசரமே அங்கே பரிவின் ஆடையை அணிந்து நிற்கிறது. நாம் இன்றி அவர்களால் இயலாது என்ற எண்ணத்தில் நமக்கொரு மறைவான இன்பமும் உண்டு. ஒப்புக்கொள்ள நாணுகிறோம்; எனினும் அது உண்மை.

கையை விலக்குவது கல்நெஞ்சம் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். குதிரையின் பக்கத்தில் நடப்பவரை மீண்டும் நோக்குவோம். அவர் கை விலகியது, கால்கள் விலகவில்லை. சரிந்தால் எட்டிப் பிடிக்கும் தொலைவில், குதிரையின் நடைக்கு ஈடாக நடந்துகொண்டே இருக்கிறார். கைவிடுதலுக்கும் கையை விடுதலுக்கும் உள்ள வேறுபாடு அந்த நடையில் இருக்கிறது.

மாலையில் குழந்தைகள் வீடு திரும்புகின்றனர். சேணத்தைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, அவர்கள் மீண்டும் இலாயத்தைக் கூட்டத் தொடங்குகின்றனர். நாம் இன்றிரவு நம் வீட்டு முதியவரின் தட்டின் அருகே, கையை மடியில் வைத்துச் சற்று நேரம் காத்திருந்து பார்ப்போம்.