பக்கத்து இருக்கையின் வினை

ஓட்டப் பழகுகிறவரின் கையால் விபத்து நேர்ந்தால் அது யாருடைய வினை? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இந்தக் கேள்வியை இப்படிக் கேட்பதில்லை. ஆனால் அதன் 3ஆம் விதி பழகுகிறவரைத் தனியே விடுவதும் இல்லை. எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் வைத்திருப்பவருடன் ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். உடன் இருந்தால் மட்டும் போதாது. வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் அவர் அமர்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு ‘எல்’ தெரிய வேண்டும்.

திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் உள்ள பாடாலூர் போன்ற ஊரில் இந்த விதியின் கனம் விளங்கும். லாரிகளும் தொலைதூரப் பேருந்துகளும் விரையும் சாலை அது. பயிற்சிப் பள்ளிக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் பிரேக் உண்டு. சொந்தக் காரில் மகளுக்குப் பழக்கும் தகப்பனுக்கு எட்டுவது பெரும்பாலும் கைப்பிரேக் ஒன்றுதான். பைக்கின் பின்னால் உட்கார்ந்து பழக்குகிறவருக்கு அதுவும் இல்லை. தோளைப் பிடிக்கலாம், கத்தலாம். நிறுத்தும் ஆற்றல் இல்லாதவரிடம் நிறுத்தும் பொறுப்பைக் கொடுக்கும் இந்த இடம் விதியின் பெரிய குறை.

விபத்து யாருடைய வினை என்ற கேள்வி மாட்டுவண்டிக் காலத்திலேயே எழுந்துவிட்டது. மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் வண்டி விபத்துகளைப் பிரித்துப் பார்க்கிறது. மூக்கணாங்கயிறு அறுந்தாலோ, நுகத்தடி ஒடிந்தாலோ, ‘விலகு, விலகு’ என்று உரக்கக் கூவிய பின்னும் மோதினாலோ தண்டனை இல்லை. ஓட்டுகிறவன் தேர்ந்தவன் என்றால் தவறுக்கு அவன் மட்டுமே தண்டம் கட்ட வேண்டும். தேராதவன் என்றால் வண்டியில் இருந்தவர்களும் கட்ட வேண்டும். வருணத்துக்கு ஒரு நீதி வகுத்த நூல் அது, அந்த நீதி ஏற்கத்தக்கதும் அன்று. ஆயினும் தேராதவனை ஓட்டவிட்டு உடன் போகிறவனுக்கும் செயலில் பங்கு உண்டு என்பதை இந்த இடத்தில் அது சரியாகக் கண்டிருக்கிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் நெருங்கி வருகிறது. ஓட்டியவன் சிறுவன் என்றால் வண்டியில் இருக்கும் உடைமைக்காரனுக்கே தண்டனை. சிறுவனை நம்பி விட்ட வண்டியை அரசன் பறிமுதல் செய்யலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 199-ஏ பிரிவு ஏறத்தாழ இதே வழியில் செல்கிறது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் எடுத்தோம் என்றோ நிரூபித்தால் தப்பலாம். உரிமம் இல்லாத பெரியவரிடம் வண்டியைக் கொடுத்தவரை 180ஆம் பிரிவு தண்டிக்கிறது.

இழப்பீட்டின் கணக்கு வேறு. நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஸ்வரண் சிங்குக்கும் இடையிலான வழக்கில் 2004இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பழகுநர் உரிமமும் உரிமமே என்றது. ஓட்டியவர் பழகுநர் என்பதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவரைக் கைவிட முடியாது. கார் பாலிசியின் பொது வாசகமும் பழகுநரை ஏற்கிறது, 3ஆம் விதி காக்கப்பட்டால். அதாவது பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தால் பாலிசியின் நிபந்தனை மீறப்படுகிறது. அப்போதும் அடிபட்டவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் வழி விடுவதுண்டு. அடிபட்டவரை முன்னிறுத்தும் இந்த வரிசை நியாயமானது.

ஆனால் காப்பீடு ஏற்பது கடனை மட்டுமே, வினை கைமாறுவதில்லை. பௌத்தம் எண்ணத்தையே வினை என்கிறது. கொல்லும் எண்ணம் இல்லையேல் கொலை வினை இல்லை. சமணம் இதோடு நிற்பதில்லை. கவனக்குறைவால் உயிரைப் போக்குவதும் இம்சையே. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்று அது வகுக்கிறது. பழக்குகிறவரின் நிலைக்கு இந்த வகுப்பே பொருந்தும். யாரையும் மோத அவர் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் சாவியைக் கொடுத்தவரும், இந்தச் சாலைக்கு இன்று போகலாம் என்று முடிவு செய்தவரும் அவரே. ஆபத்தை முன்கூட்டிக் காணும் கண் அந்த வண்டியில் அவருக்கு மட்டுமே உண்டு. பழகுகிறவருக்கு அது இன்னும் வாய்க்கவில்லை. அந்தக் கண் கைபேசியில் இருந்த நேரத்தில் நேர்ந்த மோதலை நுகத்தடி ஒடிந்த கணக்கில் சேர்க்க முடியாது. விழித்திருந்து, கைப்பிரேக்கை இழுத்தும் வண்டி நிற்கவில்லை என்றால் சேர்க்கலாம்.

இந்தப் பங்குக்கு எல்லையும் உண்டு. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து, எட்டுப் போட்டுத் தேறி உரிமம் பெற்றவர், மனு சொல்லும் தேர்ந்த ஓட்டுநர் ஆகிறார். அதன்பின் நேரும் தவறு அவருடையது மட்டுமே.